எல்லைக்கு அப்பால் இருந்த கிணறு

அந்த வீட்டில் குடித்த முதல் வாய்த் தண்ணீரை நான் துப்பிவிட்டேன். உப்பு. அதோடு துருவும், இலை அழுகிய வாடையும். என் கணவர் அதே செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, "பழகிடும்" என்றார். வாலிபத்தில் இந்தப் பக்கத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கப்பலேறிப் போனவர் அவர். நான் சைகோனில் பிறந்தவள். என் அப்பாவும் அம்மாவும் காரைக்கால்காரர்கள்தான் என்றாலும், இந்த மண்ணை அதுவரை நான் மிதித்ததில்லை.

என் கணவருக்கு சைகோன் துறைமுகத்தில், பிரெஞ்சுக்காரர்கள் துவான் என்று சொல்லும் சுங்க இலாகாவில் வேலை. கப்பலில் வரும் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார், பயணிகளின் முகத்தைப் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பதுதான் முக்கியம் என்பார். அங்கே சண்டை முற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு பென்ஷன் கிடைத்தது. இனி ஒரு நாளும் இங்கே இருக்க வேண்டாம் என்று புறப்பட்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கப்பல் துறையில் வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும், ஊருக்குத் திரும்புகிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள் என்றார்கள். அவர் திரும்பினார். நான் ஓர் அந்நிய நாட்டுக்குப் போனேன்.

திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த சிறிய ஊர் அது. மணல் தரை, தென்னை, சவுக்கு. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக, பார்க்காமலே வாங்கிய ஓட்டு வீடு. கொல்லையில் ஓர் உறைக்கிணறு. வாங்கும்போது கிணறு இருக்கிறது என்று எழுதினார்கள். உப்புக் கிணறு என்று யாரும் எழுதவில்லை.

தண்ணீரைக் கண்டு நான் இப்படிப் பயந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது சைகோனில் எங்கள் தெருவில் வாந்திபேதி வந்தது. காலையில் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட அம்மா மறுநாள் காலையில் இல்லை. அதற்குப் பிறகு அப்பா காய்ச்சாத தண்ணீரை வீட்டில் யார் வாயிலும் பட விட்டதில்லை. பல் விளக்கக்கூடக் காய்ச்சிய தண்ணீர்தான். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

இந்த ஊரில் குழாய் இல்லை. ஊர் நடுவில் ஒரு குளம். ஒரு கரையில் மாடு குளிக்கும், இன்னொரு கரையில் துணி துவைப்பார்கள், விடிவதற்கு முன்னால் போய் மூன்றாவது கரையில் குடிக்க மொண்டு வருவார்கள். நான் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். படியில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தன. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்ததும் என் அம்மா படுத்திருந்த பாய்தான் கண்ணுக்கு வந்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த சில மாதங்களில் என் கணவருக்கு வயிற்றில் இருந்த பழைய புண் திரும்ப வந்தது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஊரில் விசாரித்தோம். எல்லோரும் ஒரே திசையைத்தான் காட்டினார்கள். நாகூர் பக்கம் ஒரு மணல்மேட்டுத் தோப்பில் இருந்த கிணறு. இளநீர் மாதிரி இருக்கும் என்றார்கள். சங்கடம் என்னவென்றால் அது எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் வீடு பிரெஞ்சுக்காரர் பூமியில். கிணறு இந்தியாவில்.

முன்பெல்லாம் பெண்கள் சும்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள். நாங்கள் வந்த சமயம் அது மாறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட வேண்டும் என்று ஊர்வலமும் அடிதடியும் நடந்தன. எல்லையில் இந்தியச் சுங்கச் சாவடிக்காரர்கள் கெடுபிடி செய்தார்கள். காரைக்காலில் மலிவாகக் கிடைத்த வெளிநாட்டுக் கடிகாரமும் தங்கமும் அந்தப் பக்கம் போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் குடத்துக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார்கள். பெண்கள் போவதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு தண்ணீர் வண்டி மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. அந்த வண்டிக்காரரைச் சாவடியில் எல்லோருக்கும் தெரியும்.

அவரிடம் பேசி ஏற்பாடு செய்துகொண்டோம். ஒற்றை மாட்டு வண்டி அவருடையது. பீப்பாய் எங்களுடையது. காரைக்காலில் ஒயின் கடையில் வாங்கிய மரப்பீப்பாய். மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு வாய், கீழே தக்கை. சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டு நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் ஒயின் வாடை முழுக்கப் போகவில்லை. வண்டிக்காரர் வீட்டில் இடமில்லாததால் வண்டியும் மாடும் எங்கள் கொல்லைக் கொட்டகையில்தான் நிற்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வந்து பூட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்.

அந்தத் தண்ணீர் வந்ததும் என் ராஜ்யம் தொடங்கும். நாலாக மடித்த வேட்டியில் வடிகட்டுவேன். கொதிக்க வைப்பேன், ஒரு கொதி போதாது, தளதளவென்று நன்றாகக் கொதிக்க வேண்டும். ஆறியதும் மணல் மேல் உட்கார்த்திய பானையில் ஊற்றி மூடுவேன். மொள்ளுவதற்கு நீளக் காம்பு வைத்த கொட்டாங்கச்சி அகப்பை. கையை யாரும் உள்ளே விடக் கூடாது. அரிசியை உப்புத் தண்ணீரில் களைந்து, நல்ல தண்ணீரில் உலை வைப்பேன். "சைகோன் துவானைவிட உன் அடுப்படிச் சாவடி கடுமையா இருக்கு" என்பார் அவர். அவர் வயிறு தேறியது. எனக்கும் கொஞ்சம் தூக்கம் வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் போவதற்கு முன் வந்த கடைசிக் கோடை அது. குளம் சேறாகிவிட்டது. ஒரு நாள் காலையில் வண்டிக்காரர் வரவில்லை. பானையில் ஒரு செம்புத் தண்ணீர்கூட இல்லை. என் கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டார்.

"நானே போய்ட்டு வந்துடுறேன். நான் ஓட்டாத மாடா?"

எனக்குப் பிடிக்கவில்லை. வெயில், வயிறு என்று ஏதேதோ சொன்னேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி உற்சாகமாக இருந்தார். சாட்டைக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, நாக்கால் டக் டக் என்று சத்தம் கொடுத்து வண்டியைத் தெருவில் இறக்கினார். நான் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வண்டிக்காரரின் மனைவி வந்தாள். என்னைவிடச் சின்னவள். முந்தானை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கொட்டகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வண்டி எங்கம்மா?"

"ஐயா ஓட்டிட்டுப் போயிருக்காங்க. உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சல்ல கண்ணே தொறக்கல. இப்பத்தான் நெனப்பு வந்து, வண்டிய யாரும் தொட வேணாம்னு சொல்லிட்டு வான்னு அனுப்புனாரு." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சும்மா. அதுல இருக்கும்மா."

"என்ன இருக்கு?"

"பீப்பாக்குள்ள. கடியாரம். மெழுகுத்துணில சுத்தி, உள்ள ஆணில மாட்டி வச்சிருக்காரு. நேத்து சாயந்தரமே வச்சுட்டாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் பீப்பாயிலா? எங்கள் கொல்லையிலா? அவள் தலையை ஆட்டினாள். எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. போகும்போது காலிப் பீப்பாய், வரும்போது தண்ணீர்ப் பீப்பாய். காலியாகப் போகும் பீப்பாய்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நான் கழுவிக் கழுவிக் கொடுத்த பீப்பாய்.

வாழ்நாள் முழுவதும் துவானில் இருந்தவர், லஞ்சக் கறை படாமல் வெளியே வந்தவர், கடத்தல் சரக்கோடு சாவடியில் போய் நிற்கப் போகிறார். அது அவருக்கே தெரியாது. பிடித்தால் சிறை. பென்ஷன் நின்றுபோகும். அவர் வயிற்றுக்குச் சிறைத் தண்ணீர் என்ன செய்யும் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

வண்டிப்பாதை தோப்பைச் சுற்றிக்கொண்டு போகும். குறுக்கே போனால் பிடித்துவிடலாம் என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் ஓடினோம். நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை. செருப்பு எங்கே விழுந்ததென்று தெரியாது. காய்ந்த வாய்க்காலில் இறங்கி ஏறினோம். முள்வேலியில் என் புடவை கிழிந்தது. சவுக்குத் தோப்பு முடியும் இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"இதுக்கு மேல நான் வரலம்மா. என்னைப் பார்த்தா அவங்களுக்கு என்னமோன்னு தோணிடும். நீங்க போங்க."

வண்டி தெரிந்தது. அதற்கு அப்பால் சாவடியும் தெரிந்தது. ஒரு கீற்றுக் கொட்டகை, குறுக்கே ஒரு மூங்கில், பெஞ்சில் இரண்டு பேர். பிரெஞ்சுப் பக்கத்தில் இருந்த சாவடியில் யாரும் இல்லை. அவர்கள் அக்கறை விட்டுப் பல நாளாகியிருந்தது. நான் வண்டியை எட்டிப் பிடித்தபோது, பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். நான் பேசினால் கேட்கும் தூரம்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்னாமிய மொழியில் சொன்னேன். சைகோனில் கடைத்தெருவில் பேசிப் பழகிய மொழி. பீப்பாய்க்குள் சரக்கு இருக்கிறது, வண்டிக்காரர் வைத்திருக்கிறார், வண்டியைத் திருப்புங்கள் என்றேன். மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மட்டும் மாறவில்லை.

அவரும் அதே மொழியில், மெதுவாக, "சிரி" என்றார்.

"திருப்புங்கள்."

"இப்போது திருப்பினால் ஓடி வந்து பிடிப்பார்கள். நான் இத்தனை வருஷமாகப் பிடித்ததெல்லாம் திரும்பிப் போனவர்களைத்தான். ஏறி உட்கார். சிரி."

நான் ஏறி உட்கார்ந்தேன். சிரித்தேனா என்று தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பீப்பாய். வண்டி ஆடும்போதெல்லாம் உள்ளே ஏதோ மரத்தில் இடிக்கிற மாதிரி எனக்குக் கேட்டது. உண்மையில் கேட்டதோ இல்லையோ.

மூங்கில் முன்னால் வண்டி நின்றது. இருவரில் இளையவர் எழுந்து வந்தார்.

"என்ன பெரியவரே, வண்டிக்காரர் எங்க?"

"காய்ச்சல்ங்க. வீட்டுல ஒரு பொட்டு நல்ல தண்ணி இல்ல. அதான் நானே கெளம்பிட்டேன்."

"அம்மா எதுக்கு ஓடி வந்தாங்க?"

என் கணவர் சாவகாசமாகத் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"எனக்கு வயித்துல புண்ணு இருக்குங்க. நான் தண்ணி எறைக்கக் கூடாதாம். தான்தான் எறைப்பேன்னு வந்து நிக்கிறா."

பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மூத்தவர் வாயைத் திறந்தார். "அங்க என்னமோ பேசிக்கிட்டு வந்தீங்களே. அது என்ன பாஷை?"

"அன்னாமிய பாஷைங்க. சைகோன்ல இருந்தோம். எம் பொஞ்சாதிக்குத் திட்டணும்னா அதுலதான் வரும்."

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பிரம்பால் பீப்பாயைத் தட்டினார். டொம் டொம் என்று காலிச் சத்தம். சக்கரத்தில் கால் வைத்து ஏறி, மேல் வாயில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். நான் மாட்டின் முதுகில் உட்கார்ந்திருந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பறந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஏனோ நினைத்துக்கொண்டேன்.

"ஒயின் பீப்பாயா?" என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"ஆமாங்க. எவ்வளவு கழுவியும் போகல."

அவர் இறங்கினார். மூங்கில் மேலே போனது.

தோப்புக் கிணற்றடியில் ஒருவன் தென்னையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். வெள்ளை வேட்டி, வெற்றிலை போட்ட வாய். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"அவன் வரல?"

"காய்ச்சல்" என்றார் என் கணவர்.

அவ்வளவுதான் பேச்சு. அவன் வண்டியில் ஏறி, பீப்பாய் வாய்க்குள் தோள்வரை கையை விட்டு, ஒரு கறுப்பு மூட்டையை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்து போனான். அவசரப்படவே இல்லை. அவன் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. சைகோனில் எத்தனையோ பேரை அவர் இப்படிக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்.

தண்ணீரை நான்தான் இறைத்தேன். திரும்பும்போது சாவடியில் இளையவர் ஒரு செம்பை நீட்டி, "கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றார். ஊற்றினேன். குடித்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் மாட்டை அவிழ்த்துக் கொட்டகையில் கட்டினார். அன்று முழுவதும் அந்தத் தண்ணீரை அவர் குடிக்கவில்லை. நான் வழக்கம்போல வடிகட்டினேன், கொதிக்க வைத்தேன், பானையில் ஊற்றினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சல் விட்டதும் வண்டிக்காரர் வந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. கொல்லையிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார் முதலில். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சரக்கு குடுக்குற மொதலாளி ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இனிமே ஐயாவே வண்டிய ஓட்டிட்டுப் போகலாமாம். உங்கள யாரும் சந்தேகப்பட மாட்டாங்களாம்."

"மாட்டேன்னு சொன்னா?"

"போன தடவ நீங்க கொண்டுபோனது சாவடில தெரிஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம்னும் சொல்லச் சொன்னாரு." நிமிர்ந்து பார்த்தார். "நான் சொல்லலங்க. அவர் சொல்லச் சொன்னத சொன்னேன்."

என் கணவர் உள்ளே போய்ச் சுத்தியலையும் உளியையும் எடுத்து வந்தார். வண்டிக்காரர் ஓரடி பின்னால் போனார். என் கணவர் வண்டியிலிருந்து பீப்பாயை உருட்டி இறக்கி, ஒவ்வொரு இரும்பு வளையமாகத் தட்டித் தட்டிக் கழற்றினார். கடைசி வளையம் கழன்றதும் பலகைகள் பூ விரிந்த மாதிரி நாலு பக்கமும் சாய்ந்தன.

"எங்களுக்கு அந்தத் தண்ணி வேணாம்னு சொல்லிடு. மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கிட்டுப் போ" என்றார்.

பலகைகளை அடுப்பில் வைத்து எரித்தேன். வீடு முழுக்க ஒயின் மணந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி எனக்குக் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. தெருவில் தெரியாத ஆள் போனால் ஜன்னலைச் சாத்துவேன். பென்ஷன் வாங்க அவர் காரைக்காலுக்குப் போனால், பஸ் திரும்பி வரும்வரை சாலையிலேயே நிற்பேன். அவர் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சவரம் செய்யும்போது கண்ணாடியை வாசலைப் பார்த்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். குடிப்பதற்கு வேறு வழியில்லாமல் எங்கள் கிணற்றுத் தண்ணீரையே காய்ச்சினேன். காய்ச்சினால் பேதிக் கிருமி போகும், உப்பு போகாது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

ஒரு நாள் காலையில் வாளியை இறக்கினேன். அது தண்ணீரில் விழுந்த சத்தம் சரியாக இல்லை. இழுத்தபோது வாளியில் ரோமம் ஒட்டியிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு நாய் உப்பி மிதந்தது. கழுத்தில் கயிறு இருந்தது.

தானாக விழுந்த நாய் கழுத்தில் இறுக்கிய கயிற்றோடு விழாது. நான் கத்தவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிணற்றில் கண்டதைச் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சைகோனுக்கே போயிடலாமா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவரும் பயந்துவிட்டார் என்று தெரிந்ததும் எனக்கிருந்த கொஞ்ச தைரியமும் போனது.

அன்று கழுவுவதற்குக்கூடத் தண்ணீர் இல்லை. கூலிக்கு ஆள் பிடித்து நாயை எடுத்துப் புதைத்தோம். ஊருக்குள் செய்தி போய்விட்டது. மத்தியானம் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. கப்பல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம் அது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். அந்த அம்மாளை எல்லோரும் லாத்தா என்பார்கள், அக்கா என்பதற்கு அவர்கள் வார்த்தை. அதுவரை நாங்கள் தலையசைத்துக்கொண்டதோடு சரி.

"தங்கச்சி, கொடத்தக் குடுங்க."

நான் புரியாமல் நின்றேன்.

"எங்க வூட்டு முத்தத்துல தொட்டி இருக்கு. ஓட்டுல விழுற மழத்தண்ணிய புடிச்சு வச்சுக்குவோம். போன ஐப்பசி மழ. குடிக்க, சமைக்க எடுத்துக்குங்க."

"உங்களுக்கு?"

"அல்லாஹ் குடுத்தது, மேலேருந்து வந்தது. தொட்டி அடில இன்னும் கெடக்கு."

குடத்தைக் கொடுத்தேன். வாங்கும்போது அவர்கள் குரலைத் தாழ்த்தி, "எவன் செஞ்சான்னு விசாரிக்காதீங்க. வாயத் தொறக்காம இருங்க. பிரெஞ்சுக்காரன் போகப் போறான். சாவடி போயிட்டா அவன் பொழப்பும் போயிடும்" என்றார்கள்.

மாதக்கணக்கில் இருட்டில் நின்ற தண்ணீர் என்று அதைப் பார்த்தும் எனக்குப் பயம்தான். இரண்டு தரம் காய்ச்சினேன். உப்பு இல்லை. வாடை இல்லை. அவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். அந்தக் கோடை முழுவதும் தினம் ஒரு குடம் சுவருக்கு மேலே வந்தது. இரண்டாவது குடத்தை நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

லாத்தா வீட்டுத் தொட்டியைப் போய்ப் பார்த்து, அதே மாதிரி எங்கள் முற்றத்திலும் கட்ட முடிவு செய்தோம். கொத்தனார் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார். மழைத் தண்ணீர் வழிந்து தொட்டியில் விழ, ஓட்டு விளிம்பில் ஒரு தகரத் தாரை மாட்டினோம். கட்டி முடிப்பதற்குள் இந்தியாவோடு சேரப் போகிறோம் என்ற செய்தி உறுதியாகிவிட்டது. ஐப்பசியில் ஒரு நாள் காரைக்காலில் பழைய கொடியை இறக்கிப் புதிய கொடியை ஏற்றினார்கள். ஊரே திரண்டு போனது. நாங்கள் போகவில்லை. அன்று வானம் மூடியிருந்தது. தொட்டி மூடியை நான் சோடாக்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மழையைத் தொட்டியில் விடக் கூடாது, ஓடு கழுவிப் போகட்டும் என்றேன் நான். அவர் ஒரு துளியையும் விட மனசில்லாமல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அடுத்த மழை வராட்டி?" என்று கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் ஓட்டின் மேலிருந்த காக்கை எச்சம் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. விட்டுவிட்டோம். கறுப்பாக ஓடிப்போனது. அடுத்த மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. தொட்டி கழுத்துவரை நிறைந்தது.

சாவடியை எடுத்துவிட்டார்கள். எல்லை போனதோடு அந்த வியாபாரமும் படுத்துவிட்டது. முதலாளி என்று சொல்லப்பட்ட ஆள் மதராசுக்குப் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அவர் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை.

தை மாதத்தில் வண்டிக்காரரின் மனைவி வந்தாள். அறுவடைக் கூலிக்குப் போய்வந்த சேறு காலில் இருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். நாயைப் போட்டது எங்க வீட்டுக்காரருதாம்மா. போடலன்னா கால ஒடச்சுடுவேன்னு சொன்னாங்க. போட்டுட்டு வந்து மூணு நாளு சோறு திங்கல."

அவ்வளவு நாளும் தெரியாத ஆளையெல்லாம் பார்த்துப் பயந்திருந்தேன். எங்கள் கொட்டகையில் மாடு கட்டியவர் அவர்.

"ஏன் இப்ப வந்து சொல்றே?"

"அவரு உங்க தெரு வழியா வரவே மாட்டேங்குறாரு. அந்தப் பக்கம்தான் நெல்லு அடிக்கிற எடம். சுத்திக்கிட்டுப் போறாரு."

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். மறுநாள் ஆள் அனுப்பினார், கிணறு தூர் வாரணும், வரச் சொல் என்று. நாய் விழுந்ததிலிருந்து அந்தக் கிணற்றை நாங்கள் பலகை போட்டு மூடியே வைத்திருந்தோம்.

வண்டிக்காரர் வந்தார். கயிறும் மண்வெட்டியும் கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பலகைகளை எடுத்தார்கள். வண்டிக்காரர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு உறையின் மேல் காலை வைத்தபோது நான், "இருங்க" என்றேன். மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும். சைகோனில் ஒரு கப்பல் அடித்தட்டில் அப்படி இரண்டு பேர் செத்ததை என் கணவர் சொல்லியிருக்கிறார். ஓர் அகல் விளக்கை வாளியில் வைத்து இறக்கினேன். பாதிவரை எரிந்தது. இன்னும் இறக்கினேன். தண்ணீர்மட்டம் வரைக்கும் அணையவில்லை.

அதற்குப் பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அவர் இடுப்பில் கயிறு கட்டச் செய்து, மறுமுனையை என் கணவர் பிடித்துக்கொள்ள, அவர் இறங்கினார். கூடை கூடையாகக் கறுப்புச் சேறு மேலே வந்தது. நான் விளிம்பில் குனிந்து, "இருக்கீங்களா?" என்று அடிக்கடி கேட்டேன். "இருக்கேன்மா" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. வெயில் தலைக்கு மேலே வந்தபோது ஏறி வந்தார். தலை முதல் கால்வரை சேறு. கைகளைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

பானையில் காய்ச்சி ஆற்றிய மழைத் தண்ணீர் இருந்தது. நீளக் காம்பு அகப்பையால் மொண்டு செம்பில் ஊற்றிக் கொடுத்தேன்.